முகிலுக்குள் ஒரு தற்காலிகக் கொட்டில்: வவுனியாவில் இருந்து ஆனையிறவுக்கு

மழைக்காலத்தில் வன்னிக்குள் போகலாமா என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில், போகலாம், ஆனால் குடையை நம்பிப் போகாதேங்கோ என்பதுதான். இந்த முறை அந்தப் புத்திமதியை எனக்குச் சொல்ல ஆளில்லை. போன கிழமை, புதன்கிழமை, வவுனியாவில் இருந்து ஆனையிறவு வரை போய் வந்தேன். கோயில் பார்க்கவில்லை, கடலில் கால் நனைக்கவில்லை, ஒரு படம்கூட எடுக்கவில்லை. போன வழியெல்லாம் பயந்தபடியே போனேன். மாரியில் வேலையாக இந்தப் பக்கம் வரப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என்ன வேலை என்று முதலில் சொல்லவேண்டும். நானும் சுகந்தி என்ற பிள்ளையும் சேர்ந்து கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகளுக்கு, அதாவது விவசாயிகளின் சங்கங்களுக்கு, வெள்ளப் படம் செய்து கொடுக்கிறோம். மழை இவ்வளவு பெய்து, குளத்துக் கதவு இவ்வளவு திறந்தால், எந்த ஒழுங்கைக்குள் எத்தனை மணித்தியாலத்தில் தண்ணீர் ஏறும் என்று காட்டும் படம். ட்ரோனைப் பறக்கவிட்டு நிலத்தின் மேடுபள்ளத்தை அளப்பது என் வேலை. அந்த அளவுகளை வைத்துக் கணக்கு ஓட்டுவது அவளுடைய வேலை.

அந்தக் கணக்கை என் வீட்டு லப்ரொப்பில் ஓட்டினால் அடுத்த மாரிக்குத்தான் விடை வரும். அதனால் இணையத்தின் வழியே ஒரு பெரிய மெசினை வாடகைக்கு எடுத்திருந்தோம். முகிற் கணினி என்று பாடப்புத்தகத்தில் சொல்வார்களே, அதில் ஒரு விசேஷ இனம். கம்பியூட்டர் விளையாட்டுக்குப் படம் வரைய என்று செய்த கிராபிக்ஸ் சில்லுகள் நாலு அதற்குள் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவைப் பழக்குகிறவர்கள், சினிமாவுக்குப் படம் செய்கிறவர்கள், எங்களைப் போலத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த இனத்தைத்தான் எடுப்பார்கள். மெசின் இருப்பது சிங்கப்பூரில் எங்கேயோ. நாங்கள் கண்டதில்லை, திரையில் மட்டும்தான் பழக்கம். அந்த அமைப்புகள் இருக்கிற பதினாலு குடியேற்றங்களுக்கும் கணக்கு ஓடி முடிய அதற்கே பதினொரு நாள் எடுத்தது.

குளம் நிரம்பி, வியாழன் காலமை ஆறு மணிக்குக் கதவுகளை இன்னும் உயர்த்தப் போவதாக அறிவித்தல் வந்திருந்தது. புதன் பின்னேரத்துக்குள் படங்கள் கைக்கு வரும் என்று பதினாலு இடத்துக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். எந்தப் பக்கத்தால் எழும்பிப் போவது, மாட்டை எங்கே கட்டுவது என்று அந்தச் சனம் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்.

புதன் காலமை எட்டு நாற்பதுக்குத் தேத்தண்ணியோடு எங்கள் பொது மின்னஞ்சலைத் திறந்தேன். மெசின்காரரிடம் இருந்து ஓர் அறிவித்தல். உங்கள் மெசின் இருக்கும் இரும்புப் பெட்டி பழசாகிவிட்டது, இன்று பின்னேரம் ஐந்தரைக்கு வேறு பெட்டிக்கு மாற்றப்படும், அப்போது தற்காலிக டிஸ்கில் இருப்பது எல்லாம் அழிந்துபோகும் என்று இருந்தது. கடிதம் வந்து மூன்று நாள். வீட்டில் கரண்ட் இல்லை என்று சாட்டுச் சொல்லி நான்தான் பார்க்காமல் விட்டேன்.

முதலில் பதறவில்லை. அப்படிப்பட்ட மெசினில் இரண்டு டிஸ்க் இருக்கும். C என்பது நிரந்தரம். D என்பது தற்காலிகம், வலு வேகம், ஆனால் மெசின் இடம் மாறினால் வெறுமையாகிவிடும். விடைகளை C இல்தானே வைத்திருப்பாள் என்று நினைத்து இன்னொரு வாய் குடித்தேன். அப்போதுதான் போன கிழமை அவள் போனில் சொன்னது காதுக்குள் கேட்டது. "எல்லாம் D இல பத்திரமா இருக்கு அக்கா." கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

உடனே உள்ளே போய்ப் பார்க்கலாம்தானே என்று கேட்பீர்கள். கடவுச்சொல் எனக்குத் தெரியும். ஆனால் அதை அடித்தவுடன் சுகந்தியின் போனுக்கு ஓர் இலக்கம் வரும், அதையும் அடித்தால்தான் கதவு திறக்கும். நான் ஊர் சுற்றுகிறவள், போனைத் துலைக்கிறவள் என்று அவளுடைய போனைப் பதிந்து வைத்ததும் நானேதான். அவளுக்கு ஏழுதரம் எடுத்தேன். போன் ஓஃப்.

ஒன்பது இருபதுக்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். கிளிநொச்சிக்கு எண்பது கிலோமீற்றர், ரிக்கற் முன்னூற்றி இருபது ரூபா. வழமையாக இரண்டு மணித்தியாலம் பிடிக்காது. அன்று மாங்குளம் தாண்டியதும் மழை கொட்ட, சாரதி முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஊர்ந்தார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். என் மடியில் லப்ரொப், பொலித்தீன் பையால் இரண்டு சுற்றுச் சுற்றியபடி. பக்கத்தில் இருந்த மனுசி, பிள்ளை ஏன் இப்பிடி நடுங்குறியள், குளிரோ என்று கேட்டா. ஓம் என்றேன்.

உண்மையைச் சொன்னால் பாதி நடுக்கம் பயம், மற்றப் பாதி கோபம். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுகந்தியை என்னென்ன சொல்லி ஏசுவது என்று கனகராயன்குளத்தில் தொடங்கி முறிகண்டி வரைக்கும் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். படிச்ச பெட்டையோ நீ? தற்காலிகம் எண்ட சொல்லுக்கு உனக்கு அர்த்தம் தெரியாதோ? இப்படி ஒரு இருபது கேள்வி. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சொல்வது சும்மா இல்லை.

பதினொன்று முப்பத்தைந்துக்குக் கிளிநொச்சி. சிவம் அண்ணை என்ற ஓட்டோக்காரரைப் பிடித்தேன். சுகந்தி வாடகைக்கு இருக்கும் அறை உருத்திரபுரத்தில், எட்டுக் கிலோமீற்றர், ஆயிரம் ரூபா. போனால் அறை பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்கார அம்மா, தாய் தகப்பன் தண்ணிக்குள்ள எண்டு கேள்விப்பட்டு நேற்றே கண்டாவளைக்குப் போயிட்டாள், போன் சார்ஜ் போடவும் இஞ்ச கரண்ட் இல்லை என்று சொன்னா. கண்டாவளை என்றால் திரும்பவும் கிளிநொச்சி, பரந்தன், பிறகு முல்லைத்தீவு றோட்டால் திரும்பி உள்ளே போகவேண்டும். சிவம் அண்ணை இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார். பேரம் பேசுகிற நிலையில் நான் இல்லை.

ஒன்று நாற்பதுக்குக் கண்டாவளைக்கு இன்னும் மூன்று கிலோமீற்றர் இருக்கையில் றோட்டு இல்லை. இரண்டு பக்க வயலும் ஒன்றாகி, நடுவில் றோட்டுக் கரையைக் காட்டும் வெள்ளைக் கோடு போட்ட தடிகள் மட்டும் நின்றன. தண்ணீர் சத்தமில்லாமல் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. சத்தமாக ஓடினால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சிவம் அண்ணை எஞ்சினை நிப்பாட்டினார்.

"ஆழம் தெரியாமல் காலை விடாதை எண்டு சின்னனிலயே படிச்சனாங்கள், தங்கச்சி. எனக்கு நீந்தத் தெரியும். ஓட்டோவுக்குத் தெரியாது."

ஒரு மணித்தியாலம் அதில் நின்றோம். நான் நேரத்தைப் பார்ப்பதும் தண்ணீரைப் பார்ப்பதுமாக இருந்தேன். பதினாலு இடத்திலும் இப்போது என் படத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும் முகங்கள் கண்ணுக்குள் வந்தன. கடைசியில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வந்தது. சிவம் அண்ணையை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அதன் பெட்டியில் ஏறினேன். உழவு இயந்திரக்காரர் காசு வாங்கவில்லை.

மூன்று பத்துக்குச் சுகந்தியின் குடியேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆற்றோரமாக ஒரே அளவில் கட்டிய வீடுகள். அவளுடைய தாய் தகப்பனின் ஆட்கள் ஒரு காலத்தில் மலையகத் தோட்டங்களில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள், பல இடம் மாறிக் கடைசியில் இங்கே இருத்தப்பட்டவர்கள். சுகந்தி முழங்கால் சேற்றோடு அணைக்கட்டுக்கு மண்மூட்டை தூக்கிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அடுக்கி வைத்திருந்த இருபது கேள்வியில் முதலாவதே வாயில் வந்தது.

"தற்காலிகம் எண்டால் என்னெண்டு உனக்குத் தெரியாதோ?"

அவளுக்கு விளங்கவில்லை. அறிவித்தலைச் சொன்னேன். ஐந்தரைக்கு D வெறுமையாகிவிடும், பதினொரு நாள் வேலை போய்விடும் என்றேன். மூட்டையைக் கீழே போட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அக்கா, சண்டை முடிஞ்சு முகாமால வந்த உடன எங்களுக்கு ஒரு தகரக் கொட்டில் தந்தவை. ரெம்பரறி ஷெல்டர், தற்காலிகம் எண்டு அதில பெயின்றால எழுதிக் கிடந்தது. ஆறு மாசம் எண்டவை. ஒன்பது வருசம் இருந்தனாங்கள். நான் பெரியபிள்ளையானது, ஏ.எல் படிச்சது எல்லாம் அதுக்குள்ளதான். பிறகு நிரந்தர வீடு எண்டு இதைக் கட்டித் தந்தவை. இது முதல் மழைக்கே வெடிச்சது. நீங்கள் தந்த தாளில D தற்காலிகம், வேகம் எண்டுதானே எழுதிக் கிடந்தது. அழியும் எண்டு எழுதேல்லையே."

அந்தத் தாளை எழுதியது நான். இரண்டு பக்கம். இன்றும் என்னிடம் பிரதி இருக்கிறது. தற்காலிகம் என்று எழுதினால் போதும், மிச்சம் விளங்கும் என்று நினைத்தேன். பிறந்ததில் இருந்து ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு அப்படித்தான் விளங்கும். மிச்சப் பத்தொன்பது கேள்வியையும் விட்டுவிட்டேன். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. மன்னிப்புக் கேட்க நேரமில்லை, வெளிக்கிடு என்று மட்டும் சொன்னேன். என்னை ஏற்றி வந்த உழவு இயந்திரத்திலேயே ஓட்டோ நின்ற இடத்துக்குத் திரும்பினோம்.

கண்டாவளையில் போன் கோபுரத்துக்குக் கரண்ட் போய் முதல்நாளே சிக்னல் செத்துவிட்டது. பரந்தனிலும் ஒரு கோடு வந்து வந்து போனது. ஆனையிறவு உப்பளப் பக்கம் நல்லாய் இழுக்கும் என்று சிவம் அண்ணைதான் சொன்னார். ஏ9 றோட்டால் வடக்கே திரும்பி, ஓட்டோ சார்ஜரில் சுகந்தியின் போனைப் போட்டபடி, நாலு நாற்பதுக்கு ஆனையிறவு போய்ச் சேர்ந்தோம். காற்று ஓட்டோவைப் பிடித்து ஆட்டியது. மழைத் தண்ணீரில் உப்புப் பாத்திகள் எல்லாம் கரைந்து ஒரே வெளியாகக் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் பின்சீற்றில், என் மடியில் லப்ரொப், திரைச்சீலையைச் சிவம் அண்ணை வெளியில் நின்று கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

இலக்கம் வந்தது. கதவு திறந்தது. நாலு ஐம்பத்தொன்று. D இல் பதினாலு கோப்புறைகள், ஒன்றும் அழியாமல் இருந்தன. நல்ல காலம், D இல் இருந்து C க்கு மாற்றுவது சிங்கப்பூருக்குள்ளேயே நடக்கிற வேலை. தொடங்கிவிட்டால் எங்கள் சிக்னல் அறுந்தாலும் நிற்காது. கெட்ட காலம், ஒரு கோப்புறைக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. சுகந்தி விரலை மடித்து எண்ணினாள். எட்டுத்தான் தப்பும்.

எந்த எட்டு? அதை யார் சொல்வது? நான் எந்தப் பெயரை விட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தேத்தண்ணி தந்த ஆட்கள் இருந்தார்கள். சுகந்தி என்னைக் கேட்காமல் பெயர்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடிக்கத் தொடங்கினாள். தாழ்ந்த இடங்கள், சின்னப் பிள்ளைகள் கூடின இடங்கள், போன வருசம்தான் ஆட்கள் குடியேறிய இடங்கள். எட்டும் அடித்து முடித்து ஓடவிட்டாள். அதற்குள் அவளுடைய குடியேற்றம் இல்லை.

"உங்கட இடம்?" என்றேன்.

"எங்கட சனம் தண்ணி வந்தால் எழும்பி ஓடும் அக்கா. படம் தேவையில்லை, பழக்கம். மற்ற ஆக்கள் புதுசு."

தடுத்திருக்கலாம். ஒன்றை எடுத்துவிட்டு அவளுடையதைப் போடு என்று சொல்லியிருக்கலாம். எதை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாற்பது நிமிடமும் பச்சைக்கோடு ஒன்று ஊர்ந்து ஊர்ந்து நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாவது முடிய ஐந்து இருபத்தாறு. எட்டாவது கடைசி நுனியில் நிற்கும்போது ஐந்து முப்பது ஆனது. முடிந்தது என்று ஒரு வரி வந்தது, அடுத்த நொடி திரை கறுத்தது. சரியாக ஐந்து முப்பத்தொன்று.

பதினைந்து நிமிடத்தில் மெசின் புதுப் பெட்டியில் எழும்பியது. D வெறுமையாக, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. C இல் எட்டும் இருந்தன. அவற்றில் இருந்து படங்களை எடுத்து வைபரில் எட்டு அமைப்புகளுக்கும் அனுப்பி முடிக்க ஆறு இருபத்தைந்து. மற்ற ஆறு இடத்துக்கும் நானே எடுத்து, படம் இல்லை, பிழை என்னுடையது, மேட்டுக்குப் போங்கோ என்று சொன்னேன். ஒருவர் பாதியிலேயே வைத்துவிட்டார். சுகந்தியின் குடியேற்றத்துக்கு லைன் கிடைக்கவில்லை.

அவளை என்னோடு கிளிநொச்சிக்கு வந்து தங்கச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். கேட்கவில்லை. தண்ணீர் மறித்த இடத்தில் ஓட்டோவால் இறக்கினோம், அங்கே வேறொரு உழவு இயந்திரம் நின்றது, அதில் ஏறிப் போய்விட்டாள். நான் கிளிநொச்சியில் ஒரு விடுதியில் தங்கினேன், அறை மூவாயிரத்து ஐந்நூறு, சாப்பாடு வேறு. சாப்பிடவில்லை, படுக்கவுமில்லை.

வியாழன் ஆறு மணிக்குக் கதவுகளை உயர்த்தினார்கள். எட்டு மணிக்குள் முதல் செய்திகள் வந்தன. படம் போன எட்டு இடத்திலும் ஆட்கள் இருட்டோடேயே எழும்பிவிட்டார்கள். சுகந்தியின் போன் மட்டும் எடுபடவில்லை. ஒன்பது, பத்து, பத்தரை. நான் கட்டிலில் இருந்தபடி கும்பிட்டேன். கனகாலமாகக் கும்பிடாதவள். பதினொன்று நாற்பதுக்கு அவளே யாருடையதோ போனில் எடுத்தாள். எல்லோரும் பள்ளிக்கூடத்து மாடியில் என்றாள். இரண்டு பசுவும் ஒரு கன்றும் போய்விட்டன. தாய்க்குக் கால் பிசகிவிட்டது. ஆற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் அணைக்கட்டில் நின்றார்களாம். தண்ணீர் பின்பக்கத்தால் வந்ததாம். புதிதாக உயர்த்தின றோட்டு மறித்து, மதகால் திரும்பி, வீடுகளுக்குப் பின்னால்.

அந்த றோட்டை ட்ரோனால் அளந்தது நான். அது கணக்குக்குள் இருந்தது. படத்தில் நிச்சயம் தெரிந்திருக்கும்.

இனி, வரப்போகிறவர்களுக்கு. மார்கழியில் கிளிநொச்சிக்கு வடகிழக்கே போவதானால் காலமை ஏழுக்கு முன் வெளிக்கிடுங்கோ, பயண நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கோ. போனைக் கரண்டை நம்பி வைத்திருக்காமல் பவர் பாங்க் இரண்டு கொண்டு போங்கோ. தண்ணீர் மூடிய றோட்டில் ஓட்டோக்காரர் நின்றால் நீங்களும் நில்லுங்கோ. எங்களைப் போல முகிலில் மெசின் எடுத்து வேலை செய்கிறவர்கள், உள்ளே போகும் வழியை ஒரே போனில் கட்டி வைக்காதேங்கோ, அறிவித்தல் மின்னஞ்சலைத் தினமும் பாருங்கோ, விடை வந்த அன்றே நிரந்தர டிஸ்குக்கு மாற்றுங்கோ. அந்தத் தாளைச் சுகந்தியே திருத்தி எழுதியிருக்கிறாள். D க்கு நேரே இப்போது இப்படி இருக்கிறது: இது ஷெல்டர் இல்லை, இதை உண்மையாகவே பிரிப்பினம்.

கரண்டும் சிக்னலும் திரும்பி வந்தபின், விடுபட்ட ஆறு இடங்களுக்கும் கணக்கை மறுபடி ஓடவிட்டிருக்கிறோம். ஐந்து நாள் எடுக்கும், இன்று இரண்டாம் நாள். வெளியே திரும்பவும் இருட்டிக்கொண்டு வருகிறது. மெசினை ஓடவிட்ட அன்று வரிசையை அடிக்கச் சுகந்திதான் கையை நீட்டினாள். நான் விடவில்லை. முதலாவது பெயரை நானே அடித்தேன். அவள் திரையில் தன் குடியேற்றத்தின் பெயரை வாசித்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மாட்டச் சொல்லட்டே, அக்கா?"